ரெண்டு போன்ல எதை எடுக்கிறது? கமரா, ஸ்பீட், வசதி எல்லாத்தையும் திருகோணமலை வெயில்ல வச்சுப் பாக்கிற முழு வழிகாட்டி

உவர்மலையில இருக்கிற என்ர சித்தியின்ர மகள் வீட்டில கேக் செய்து விக்கிறவ, அவட மனுசன் நிலாவெளியில இருந்து புறாமலைக்கு போட் ஓடுறவர், ரெண்டு பேரும் காசு சேத்து ஒரு நல்ல போன் எடுக்கப்போறம் எண்டு போட்டு ரெண்டு போனின்ர பேரை எனக்கு அனுப்பி "அண்ணா இதில எது நல்லம், ஒரு சொல்லு சொல்லுங்கோ" எண்டு கேட்டவ. ஒண்டு சாம்சங் கலக்ஸி ஏ55, மற்றது ரெட்மி நோட் 13 ப்ரோ 5ஜி. ரெண்டும் 2024 தொடக்கத்தில உலகச் சந்தைக்கு வந்ததுகள். ஒரு சொல்லில சொல்ல ஏலாது பிள்ளை, கொஞ்சம் பொறு எண்டு சொல்லி மூண்டு நாள் அவளோட திரிஞ்சு பாத்துத்தான் முடிவெடுத்தம். அதை அப்பிடியே ஒழுங்கா எழுதிறன், நீங்க யோசிக்கிறது வேற ரெண்டு போனா இருந்தாலும் இதே வழி சரிவரும்.

முதல்ல ஒரு விசயம். கடையில நாங்க பாக்கிற போன் அதின்ர நல்ல நேரத்தில இருக்கிற போன். ஏசி போட்டுக் கிடக்கு, வெள்ளை லைட் அடிச்சுக் கிடக்கு, உள்ளுக்கு ஒரு படமும் இல்ல, பற்றரி புதுசு. அந்த நேரத்தில எந்தப் போனும் நல்லாத்தான் ஓடும். எங்களுக்கு வேண்டியது கஷ்டமான நேரத்தில அது என்ன செய்யும் எண்டு: மத்தியான வெயிலில ஸ்கிரீன் தெரியுமா, பின்னேரம் இருட்டுப் படேக்க படம் கலங்குமா, ஸ்டோரேஜ் நிறைஞ்ச பிறகு இழுக்குமா, உப்புக் காத்தில எத்தினை நாள் நிக்கும். நான் முந்தி ஒருக்கா மெகாபிக்சலை மட்டும் பாத்து ஒரு போன் எடுத்து, ஆறு மாசத்தில கமரா திறக்கிறதுக்கு அஞ்சு செக்கன் காத்துக்கொண்டு நிண்டவன், மருமகன்ர முதல் நடை அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அதை இப்ப நினைச்சாலும் மனசு கஷ்டம். அதால தான் இவ்வளவு விளக்கமா எழுதிறன்.

1. கடைக்குப் போக முதல் ஒரு நாளை எழுதுங்கோ

ஒரு பேப்பரில காலம்பிற இருந்து இரவு வரைக்கும் போனால என்ன என்ன செய்யிறீங்க எண்டு எழுதுங்கோ. தங்கச்சி எழுதினது இது: டியூப் லைட்டுக்குக் கீழ கேக் படம், ஐசிங் போடுற வீடியோ, கஸ்டமரோட வட்ஸ்அப், இரவில கனடாவில இருக்கிற தமையனோட வீடியோ கோல், மகளின்ர பரதநாட்டிய வீடியோ. மனுசன்ர பக்கம்: போட்டில வாற ஆக்களுக்கு படம் எடுத்துக் குடுக்கிறது, மத்தியானத்தில கோல் எடுக்கிறது. கேம் எண்டு ஒரு இடத்திலயும் வரேல்ல. இந்தப் பேப்பர் கையில இருந்தாத்தான் கடைக்காரத் தம்பி "இதில கேம் பறக்கும் அக்கா" எண்டு சொல்லேக்க மயங்காம நிக்கலாம்.

2. பேரை கடைசி எழுத்து வரைக்கும் வாசியுங்கோ

இதில தான் கனபேர் ஏமாறுறது. ரெட்மி நோட் 13 ப்ரோ எண்டு ரெண்டு போன் இருக்கு. ஒண்டு 4ஜி, மற்றது 5ஜி. ரெண்டுக்கும் பின்னால 200 மெகாபிக்சல் எண்டு தான் போட்டிருக்கும், ஆனா போனின்ர மூளை மாதிரி இருக்கிற சிப் வேற, 4ஜியில இருக்கிறது மீடியாடெக் ஹீலியோ ஜி99 அல்ட்ரா, 5ஜியில இருக்கிறது ஸ்னப்ட்ராகன் 7எஸ் ஜென் 2. 4ஜியில 4கே எண்ட கூடின தெளிவில வீடியோ எடுக்கேலாது, 5ஜியில எடுக்கலாம். 4ஜியில மெமரி கார்ட் போடலாம், 5ஜியில போடேலாது. ஆக பேரில ஒரு இலக்கம் மாறினா போனே வேற. விலை கேக்கேக்க பெட்டியில இருக்கிற முழுப் பேர், ரம், ஸ்டோரேஜ் மூண்டையும் சேத்துக் கேளுங்கோ. ஏ55இலயும் 128 ஜிபி, 256 ஜிபி எண்டு ரெண்டு வகை இருக்கு.

3. கமரா: இதில தான் நேரம் செலவழிக்கோணும்

ரெட்மியில 200 மெகாபிக்சல், ஏ55இல 50 மெகாபிக்சல். கேட்டவுடன நாலு மடங்கு நல்லம் எண்டு தான் ஆருக்கும் தோணும். நடக்கிறது வேற. 200 மெகாபிக்சல் கமரா சாதாரணமா படம் எடுக்கேக்க பக்கத்து பக்கத்து 16 புள்ளியை ஒண்டாச் சேத்து ஒரு புள்ளி ஆக்கும், 200ஐ 16ஆல பிரிச்சா 12.5. ஏ55 நாலு புள்ளியை ஒண்டாக்கும், 50ஐ நாலால பிரிச்சாலும் 12.5. கடைசியில கலரியில வந்து விழுற படம் ரெண்டிலயும் 12.5 மெகாபிக்சல் தான். புள்ளியைச் சேக்கிறது எதுக்கு எண்டா வெளிச்சத்துக்கு, சின்னச் சின்ன புள்ளி தனித்தனியா நிண்டா இருட்டில வெளிச்சம் காணாது, படத்தில மணல் கொட்டின மாதிரி வரும்.

அப்ப 200ஆல ஒரு பிரயோசனமும் இல்லையா? இருக்கு. நல்ல வெளிச்சத்தில முழு 200இலயும் எடுத்து பிறகு வெட்டிப் பெரிசாக்கலாம், ரெண்டு போனிலயும் சூம் லென்ஸ் எண்டு தனியா ஒண்டும் இல்லாதபடியா தூரத்தில இருக்கிறதை எடுக்கேக்க இது உதவும். ரெட்மியின்ர சென்சர் அளவும் கொஞ்சம் பெரிசு, லென்ஸ் வாய் எஃப் 1.65, ஏ55இல எஃப் 1.8, இந்த இலக்கம் குறைய குறைய வாய் பெரிசு, ஆக வெளிச்சம் உள்ளுக்கு போறதில ரெட்மிக்கு ஒரு சின்ன மேல்கை. கை நடுக்கத்தைச் சமாளிக்கிற ஓஐஎஸ் ரெண்டிலயும் இருக்கு, அதில்லாத போனை இந்த விலையில தொடவே வேண்டாம்.

மற்ற கமராக்களில ஏ55 முன்னுக்கு நிக்குது. அகலமா எடுக்கிற லென்ஸ் ஏ55இல 12, ரெட்மியில 8 மெகாபிக்சல். முன் கமரா ஏ55இல 32, ரெட்மியில 16, அதோட ஏ55இன்ர முன் கமராவால 4கே வீடியோவும் எடுக்கலாம், ரெட்மியில அதை விடத் தெளிவு குறைஞ்ச 1080 வரைக்கும் தான். பின்னால இருக்கிற மக்ரோ கமராவை ரெண்டிலயும் கணக்கில எடுக்காதேங்கோ, பூவைக் கிட்ட வச்சு ரெண்டு நாள் எடுப்பீங்க, பிறகு மறந்திடுவீங்க.

சரி, பேப்பரில பாத்தாச்சு, இனி கையில பாக்கோணும். கடைப் போனில இதைச் செய்யேலாது. அந்த ரெண்டு போனையும் ஏற்கனவே பாவிக்கிற ஆக்களைத் தேடுங்கோ, சொந்தக்காரர், கூட வேலை செய்யிற ஆக்கள், பக்கத்து வீட்டுப் பொடியன், ஆரெண்டாலும் பறவாயில்ல, ஒரு வருசத்துக்கு மேல பாவிச்ச போனா இருந்தா இன்னும் நல்லம். ஒரு பின்னேரம் ஒரு மணித்தியாலம் இரவல் கேளுங்கோ. நாங்கள் அப்பிடித்தான் ரெண்டையும் இரவல் வாங்கினம், பிறகு அதே இடம், அதே நேரம், அதே ஆள், ஒண்டை எடுத்து மறு செக்கன் மற்றதில எடுக்கிறது எண்டு பிடிவாதமா நிண்டம்.

முதல் இடம் குசினி. டியூப் லைட்டுக்குக் கீழ ஒரு வெள்ளைக் கேக், ஒரு சொக்லட் கேக். வெள்ளை வெள்ளையா வருதா இல்ல மஞ்சள் பிடிக்குதா, சொக்லட் கேக்கில கத்தி பட்ட வரி தெரியுதா இல்ல மெழுகு மாதிரி வழுக்கிக்கொண்டு போகுதா எண்டு பாருங்கோ. வீடியோ எடுக்கேக்க திரையில கறுத்த பட்டி மேல கீழ ஓடினா பயப்பிடாதேங்கோ, எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், அதில எரியிற லைட் ஒரு செக்கனுக்கு 100 தரம் துடிக்கும், கமராவின்ர வேகம் அதோட ஒத்துப் போகாட்டி பட்டி விழும். கமரா செட்டிங்கில 50 ஹேர்ட்ஸ் எண்டு ஒரு தெரிவு இருந்தா அதைப் போட்டுப் பாருங்கோ, பிறகும் ஓடினா அந்த லைட்டுக்கு அந்தப் போன் சரிவராது எண்டு குறிச்சு வையுங்கோ.

ரெண்டாவது பிரெட்ரிக் கோட்டை. கோட்டை வாசலைத் தாண்டினவுடன மான் நிக்கும், புள்ளி மான் எண்டபடியா சோதிக்கிறதுக்கு அதை விட நல்ல சாமான் இல்ல, புள்ளி தனித்தனியா தெரியுதா எண்டு பாத்தாலே காணும். ரெண்டு மடங்கு சூம், நாலு மடங்கு சூம் ரெண்டிலயும் எடுங்கோ. எனக்கு இந்த இடத்தில ரெட்மியின்ர படம் கூடப் பிடிச்சுது. மான் துள்ளி ஓடேக்கயும் ஒண்டு எடுங்கோ, வீட்டில சின்னப் பிள்ளை இருக்கிறவைக்கு இது முக்கியம்.

மூண்டாவது கோணேசர் கோவிலடி, பொழுது படுற நேரம். கோவிலுக்குள்ள படம் எடுக்க வேண்டாம், வெளியில நிண்டு எடுங்கோ. வானத்தில கொஞ்ச வெளிச்சம், ஆளின்ர முகத்தில இருட்டு, கோவில் லைட் ஒரு பக்கம், மூண்டும் ஒரே படத்தில வாற இடம் அது. முகம் தெரியவேணும், வானமும் வெளிறக்கூடாது. எடுத்திட்டு அந்த சின்னத் திரையிலயே முடிவெடுக்காதேங்கோ, ரெண்டு படத்தையும் வீட்டில கம்பியூட்டரிலயோ டிவியிலயோ போட்டு எது எந்தப் போனில எடுத்தது எண்டு சொல்லாம அம்மாட்ட கேளுங்கோ. அம்மாக்கு மெகாபிக்சல் தெரியாது, நல்ல படம் தெரியும். எங்கட வீட்டில கேக் படத்தில ஏ55ஐக் காட்டினவ, மான் படத்தில ரெட்மியைக் காட்டினவ.

ஒண்டை மறக்காதேங்கோ, வட்ஸ்அப்பில சாதாரணமா அனுப்பினா எந்தப் போன் படமும் சுருங்கித்தான் போகும். கஸ்டமருக்கு அனுப்பேக்க எச்டி எண்டு இருக்கிறதை அமத்துங்கோ, முழுசா போகவேணுமெண்டா டொக்கியூமென்டா அனுப்புங்கோ. உங்கட படம் எல்லாம் வட்ஸ்அப்புக்கு மட்டும் தான் எண்டா கமரா வித்தியாசத்துக்கு கூடக் காசு குடுக்கிறது வீண்.

4. ஸ்பீட்

ஏ55இல எக்சினொஸ் 1480, ரெட்மியில ஸ்னப்ட்ராகன் 7எஸ் ஜென் 2. "எக்சினொஸா, வேண்டாம்" எண்டு சொல்லுற ஆக்கள் இருக்கினம், பேரைப் பாத்து அப்பிடிச் சொல்லக்கூடாது. ரெண்டு சிப்பும் 4 நானோமீட்டர், ரெண்டுக்குள்ளயும் பெரிய வேலை செய்யிற நாலு கோரும் ஒரே இனம், கோர்டெக்ஸ் ஏ78. எக்சினொஸில அது 2.75 கிகாஹேர்ட்ஸில ஓடுது, ஸ்னப்ட்ராகனில 2.4இல. கிராஃபிக்ஸ் பக்கம் எக்சினொஸ் இன்னும் பலம். ஆக கேம் விளையாடுற பிள்ளைக்கு ஏ55, வட்ஸ்அப், பேஸ்புக், வங்கி அப் பாவிக்கிற ஆளுக்கு வித்தியாசம் கையில பெரிசா விளங்காது.

விளங்கப்போறது ரமும் ஸ்டோரேஜும். ரம் 8 ஜிபிக்கு குறைய எடுக்காதேங்கோ. 128 ஜிபி எண்டு பெட்டியில போட்டிருந்தாலும் சிஸ்டமே ஒரு பகுதியைத் திண்டிடும், மிச்சத்தில 4கே வீடியோ ஒரு நிமிசத்துக்கு 350 எம்பி அளவில எடுக்கும், மகளின்ர அரை மணித்தியால நடனம் எண்டா 10 ஜிபி போச்சு. குடும்ப குரூப்பில வாற காலை வணக்கப் படங்களும் சேந்தா சொல்லத் தேவையில்ல. ஸ்டோரேஜ் முட்ட முட்ட எந்தப் போனும் இழுக்கும். ஏ55இல மெமரி கார்ட் போடலாம், ஆனா ரெண்டாவது சிம் போடுற இடத்தில தான் அது போகும், ரெண்டு சிம் பாவிக்கிறவை யோசியுங்கோ. ரெட்மி 5ஜியில கார்ட் இல்ல, அதால அதை எடுக்கிறதெண்டா 256 தான் எடுக்கோணும்.

சோதிக்கிற வழி: இரவல் போனில கமராவைத் திறந்து 4கேயில பத்து நிமிசம் வெளியில நிண்டு வீடியோ எடுங்கோ, எடுத்து முடிச்ச கையோட வட்ஸ்அப், மப், பேஸ்புக் மூண்டையும் மாறி மாறித் திறவுங்கோ. சூட்டில இழுக்கிறதெண்டா இப்ப இழுக்கும்.

5. வெயில், பற்றரி, சார்ச்

கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில மத்தியானம் எங்கட ஊர் எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. சாம்சங் தன்ர போனைப் பாவிக்கச் சொல்லுற வெப்பநிலை 0இல இருந்து 35 பாகை வரைக்கும், எங்களுக்கு அந்த மேல் எல்லை தான் சாதாரண நாள். லித்தியம் பற்றரிக்கு சூடு தான் பெரிய எதிரி, அதால வெயிலில நிக்கிற மோட்டச்சைக்கிளில போனைக் கொழுவி வச்சு சார்ச் போடுறதை விடுங்கோ, எந்தப் போனா இருந்தாலும்.

பற்றரி அளவு கிட்டத்தட்ட ஒண்டு, ஏ55இல 5000, ரெட்மியில 5100 எம்ஏஎச். சார்ச் ஏறுறது தான் வேற: ரெட்மி 67 வொட், முக்கால் மணித்தியாலம் அளவில நிரம்பும், ஏ55 25 வொட், ஒரு மணித்தியாலத்துக்கு மேல பிடிக்கும், பெட்டிக்குள்ள சார்ச்சரும் இல்ல, அந்தக் காசையும் விலையோட கூட்டுங்கோ. மாறி மாறி வெளிக்கிட்டு ஓடுற ஆளுக்கு, ஓட்டோ ஓடுற ஒருத்தருக்கு, நான் யோசிக்காம ரெட்மியைச் சொல்லுவன்.

ஸ்கிரீனை வெளியில கொண்டு வந்து பாருங்கோ. ரெட்மிக்கு உச்ச வெளிச்சம் 1800 நிட்ஸ் எண்டும் ஏ55க்கு 1000 எண்டும் கொம்பனி சொல்லுது, ரெட்மியில எழுத்தும் இன்னும் கூர்மை. மத்தியானம் 12 மணிக்கு கடை வாசலில நிண்டு ஒரு வட்ஸ்அப் மெசேஜை வாசிச்சுப் பாத்தா முடிவு உங்கட கண்ணுக்கே தெரியும். கையில வச்சும் பாருங்கோ, ஏ55 213 கிராம், ரெட்மி 187.

6. கடல்

தூசி, தண்ணியை எவ்வளவு தாங்கும் எண்டு சொல்லுற ஐபி இலக்கம் ஏ55க்கு 67, ரெட்மிக்கு 54. 67 எண்டா ஒரு மீற்றர் நல்ல தண்ணியில அரை மணித்தியாலம் கிடந்தாலும் தாங்கும் எண்டு சோதிச்சது, 54 எண்டா தூசியும் தெறிக்கிற தண்ணியும் மட்டும். ரெண்டும் நல்ல தண்ணிக்கான சோதனை, கடல் தண்ணிக்கு இல்ல. உப்புத் தண்ணி சார்ச் குத்துற ஓட்டைக்குள்ள போய் காய்ஞ்சா உள்ளுக்கு இருக்கிற உலோகக் காலெல்லாம் பச்சை பிடிக்கும், நிலாவெளியில ஒரு நாள் குளிச்சிட்டு வந்து அப்பிடியே சார்ச் போட்டு என்ர பழைய போன் ஒண்டு போனது அப்பிடித்தான், வொரண்டியிலயும் எடுக்கேல்ல, தண்ணி போனா பொதுவா எடுக்க மாட்டினம்.

அதால போட்டில போறவர் எந்தப் போன் எடுத்தாலும் கழுத்தில தொங்குற தண்ணி போகாத பை ஒண்டு வாங்கோணும். கடல் தண்ணி பட்டா நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைச்சு, நல்லாக் காயும் வரைக்கும் சார்ச் குத்தாமல் விடுங்கோ. அரிசிக்குள்ள புதைக்க வேண்டாம், தவிடும் தூசியும் ஓட்டைக்குள்ள போகும்.

7. சின்ன வசதி எண்டு நினைச்சு விடுறதுகள்

ரெட்மியில ஹெட்போன் குத்துற ஓட்டை இருக்கு, டிவி ரிமோட்டாவும் பாவிக்கலாம். ஏ55இல ரெண்டும் இல்ல. இதை விடப் பெரிசு அப்டேட். ஏ55 ஆண்ட்ராய்ட் 14ஓட வந்தது, நாலு பெரிய அப்டேட்டும் அஞ்சு வருசப் பாதுகாப்பு அப்டேட்டும் எண்டு சொல்லியிருக்கினம், ஆக 2029 வரைக்கும். ரெட்மி ஆண்ட்ராய்ட் 13ஓட வந்தது, மூண்டு பெரிய அப்டேட், நாலு வருசப் பாதுகாப்பு. வங்கி அப் பாவிக்கிற ஆக்கள் இதைக் கடைசியில வைக்கக்கூடாது.

8. முடிவெடுக்கிற விதம்

எல்லாத்துக்கும் மார்க்ஸ் போட்டுக் கூட்டாதேங்கோ, கூட்டினா ரெண்டும் கிட்டக் கிட்டத்தான் வரும், பிறகும் முழிச்சுக்கொண்டு நிப்பீங்க. முதல் எழுதின பேப்பரை எடுத்து, இது இல்லாட்டி எனக்கு நாள் ஓடாது எண்டு மூண்டே மூண்டு விசயத்துக்குக் கீழ கோடு போடுங்கோ. தங்கச்சி கோடு போட்டது டியூப் லைட்டில கேக் நிறம், முன் கமரா வீடியோ, மனுசன்ர போட். மூண்டிலயும் ஏ55 வந்துது, சார்ச் மெதுவாத்தான் ஏறும் எண்டதை அவள் தெரிஞ்சுகொண்டே ஏத்துக்கொண்டவள். அவட இடத்தில நான் இருந்தா, மான் படத்துக்கும் வெயிலில தெரியிற ஸ்கிரீனுக்கும் ரெட்மியைத்தான் எடுத்திருப்பன்.

9. காசு குடுக்க முதல்

*#06# எண்டு அடிச்சா ஐஎம்இஐ எண்ட, ஒவ்வொரு போனுக்கும் தனியா இருக்கிற 15 இலக்க அடையாள நம்பர் வரும், பெட்டியில இருக்கிறதும் அதுவும் ஒண்டா எண்டு பாருங்கோ. பிறகு ஐஎம்இஐ எண்டு இங்கிலிஸில அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு, அந்த நம்பரைப் போட்டு 1909க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கோ, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில பதிஞ்ச போனா எண்டு பதில் வரும். கடைக்காரர் "அதெல்லாம் தேவையில்ல" எண்டு சொன்னா நன்றி சொல்லிட்டு வெளியில வாங்கோ.

வொரண்டி கொம்பனியின்ரயா கடையின்ரயா எண்டு கேட்டு, பில்லில எழுதி வாங்குங்கோ. பழுதானா போனை இங்கயே பாப்பினமா, கொழும்புக்கு அனுப்பிறதா, அனுப்பினா எத்தினை நாள் எண்டும் கேளுங்கோ, கேக் ஓடர் எல்லாம் போனுக்குள்ள கிடக்கிற ஒருத்திக்கு மூண்டு கிழமை போன் இல்லாம இருக்கேலாது. உங்கட சிம்மை அங்கயே போட்டு ஒரு கோல் எடுங்கோ, 4ஜியிலயே கோல் கதைக்க விடுற விஓஎல்டிஇ வேலை செய்யுதா எண்டும் பாருங்கோ, அது இல்லாட்டி கதைக்கேக்க 4ஜி விழுந்திடும்.

பாவிச்ச போன் எண்டா பழைய ஆளின்ர கூகிள் அக்கவுண்டை உங்களுக்கு முன்னால எடுக்கச் சொல்லுங்கோ, சார்ச் ஓட்டைக்குள்ள டோர்ச் அடிச்சுப் பச்சை இருக்கா எண்டு பாருங்கோ.

10. முதல் கிழமை

மாத்தித் தாறதுக்கு கடை எத்தினை நாள் தருது எண்டு கேட்டு, அந்த நாளுக்குள்ள போனைக் கஷ்டப்படுத்துங்கோ. வெயிலில பாவியுங்கோ, 4கே வீடியோ எடுங்கோ, ரெண்டு பக்க ஸ்பீக்கரும் மைக்கும் கேளுங்கோ, முழு வெள்ளைப் படம் ஒண்டைத் திறந்து ஸ்கிரீனில கறுப்புப் புள்ளி தேடுங்கோ. ஏ55 எண்டா பற்றரி செட்டிங்கில 80 வீதத்தோட சார்ச்சை நிப்பாட்டுற தெரிவை அண்டைக்கே போடுங்கோ, தங்கச்சி போட்டிட்டா. பில்லையும் ஒரு படம் எடுத்து ஈமெயிலில போட்டு வையுங்கோ, எங்கட சூட்டுக்கு அந்தப் பேப்பரில இருக்கிற எழுத்து வொரண்டி முடிய முதலே அழிஞ்சு போகும்.